குற்றம் சோற்றிலா, பந்தியிலா?

கல்லூரி விடுதியொன்றில் உணவை முன்னிட்டு மாணவர் கிளர்ச்சி செய்தனர் என்ற செய்தி எழும்போதெல்லாம், நம்மவருட் பெரியோர் பலர் முகஞ் சுளிக்கின்றனர். "படிக்கப் போன பிள்ளைகளுக்குச் சோற்றைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்டுவிட்டு அப்பாற் செல்கின்றனர். சோற்றைப் பற்றிய பேச்சு சிறுபிள்ளைத்தனமானது என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் பிழையானது என்பதையும், அப்பிழையினால் விளைந்த தீமை சிறிதன்று என்பதையும் எடுத்துரைக்கவே இதனை வரைகின்றோம்.

விடுதிச் சாப்பாட்டு மண்டபத்தில் எழும் முறைப்பாடுகள் இருவகைப்படும். "எனக்கு இட்ட சோறு புழுத்திருக்கிறது, கறி ஊசிப்போயிருக்கிறது, கட்டிய பணத்துக்கு அளவு குறைகிறது" என்பது ஒருவகை. "என் பக்கத்தில் இன்னான் இருந்து உண்கிறான், என் சோற்றை இன்னாள் சமைத்தாள்" என்பது மற்றொரு வகை. முன்னையது சோற்றின் மேல் வைத்த குற்றம். பின்னையது மனிதன் மேல் வைத்த குற்றம். முன்னையதைக் கேட்டு ஆவன செய்வதும், பின்னையதை ஏற்காது தள்ளுவதும் நிருவாகத்தின் கடமை. ஆனால், கல்விக்கூடங்களை நடத்தியோர் பெரும்பாலும் செய்தது என்ன? சோற்றின் மேற் குற்றஞ் சொன்னவனை ஒழுங்கு கெட்டவன் என்று தண்டித்தார்கள். மனிதன் மேற் குற்றஞ் சொன்னவனுக்கோ, வழக்கம் என்றும் பெற்றோர் விருப்பம் என்றும் பெயர் சூட்டித் தனி அடுப்பு மூட்டிக் கொடுத்தார்கள். இந்தத் தலைகீழ் நீதியைத்தான் நாம் இன்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றோம்.

வெண்ணெய்க் கலகம்

அமெரிக்காவின் முதற் கல்லூரி ஹார்வர்ட். 1636 இல் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவராயிருந்த நத்தானியேல் ஈட்டன் 1639 இல் குடியேற்ற நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுப் பதவி நீக்கப்பட்டார். தம் உதவியாசிரியரைத் தடியால் அடித்தது அவர் மேற் சுமத்தப்பட்ட பெருங்குற்றம். அதனோடு சேர்ந்து விசாரணைக்கு வந்தது மாணவரின் சாப்பாடு. குசினியை நடத்தியவர் அவருடைய மனைவி. புளித்த மாவில் ரொட்டி சுட்டதையும், மாணவருக்குரிய பியர் தட்டுப்பட்டதையும் அந்த அம்மையார் ஒப்புக்கொண்டார். குடல் நீக்காத மீன் பரிமாறப்பட்டது என்ற முறைப்பாட்டைத் தாம் அறியவில்லை என்றும், எனினும் அதற்காக வெட்கப்படுவதாகவும் கூறினார். ஒரு கண்டத்தின் உயர்கல்வி வரலாறே கெட்ட மீனிலும் புளித்த ரொட்டியிலும் தொடங்குகிறது என்றால் மிகையன்று.

ஆனால், அதே வாக்குமூலத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. அவ்வீட்டில் வேலை செய்த கறுப்பினத்தான் ஒருவன், மாணவன் ஒருவனுடைய படுக்கை விரிப்பிலும் தலையணையிலும் ஒருமுறை படுத்துவிட்டானாம். அது மாணவனுக்கு மனவருத்தம் தந்தது நியாயமே என்று அம்மையார் ஒப்புக்கொள்கிறார். அந்த மனிதனின் பெயர் கூடப் பதியப்படவில்லை. "மூர்" என்ற இனச்சுட்டு மட்டுமே ஏட்டில் நிற்கிறது. வாசகர்கள் இதனை உற்று நோக்க வேண்டும். கெட்ட மீன் என்ற நேரிய முறைப்பாடும், தீண்டிய மனிதன் என்ற கோணல் முறைப்பாடும் ஒரே தாளில், ஒரே மூச்சில், ஒரே மதிப்புடன் எழுதப்பட்டன. நாம் மேலே பிரித்துக் காட்டிய இருவகையும் அன்றே ஒன்றாய்ப் பின்னிக் கிடந்தன.

127 ஆண்டுகள் கழிந்தன. 1766 செப்டெம்பரில் அதே கல்லூரியின் சாப்பாட்டு மண்டபத்தில் நாற்றமெடுத்த வெண்ணெய் பரிமாறப்பட்டது. ஆசா டன்பார் என்னும் மாணவர் எழுந்து, வெண்ணெய் நாறுகிறது, நாறாத வெண்ணெய் தருக என்று முழங்கினார். அவரைத் தண்டிக்க நிருவாகம் முனைந்தபோது மாணவர் ஒருங்கே வெளிநடப்புச் செய்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் தற்காலிகமாக விலக்கப்பட்டனர். பிரித்தானியப் பாராளுமன்றம் விதித்த முத்திரை வரியைக் குடியேற்ற மக்கள் 1765 இல் எதிர்த்து நின்று, 1766 இல் அது நீக்கப்படக் கண்ட காலம் அது. தந்தையர் வரி பற்றிக் கேட்ட கேள்வியைப் பிள்ளைகள் வெண்ணெய் பற்றிக் கேட்டனர். "எம்மைக் கேளாது எம்மிடம் வாங்காதே" என்ற கொள்கைக்கும், "எம்மிடம் வாங்கிக்கொண்டு எமக்குக் கெட்டதைத் தராதே" என்ற கொள்கைக்கும் இடையே தூரம் அதிகம் இல்லை.

1807 இலும் அங்கே உணவை முன்னிட்டு இன்னொரு கலகம் எழுந்தது. அழுகிய கோவாக் கலகம் என்று அதற்குப் பெயர். 1828 இல் யேல் கல்லூரியில் ரொட்டி வெண்ணெய்க் கலகம் மூண்டது. ஒவ்வொரு முறையும் நிருவாகம் முதலில் எடுத்த ஆயுதம் தண்டனையே. வெண்ணெய் நாறியதா என்பது இரண்டாம் கேள்வியாயிற்று. மாணவன் எழுந்து நின்றானா என்பதே முதற் கேள்வியாயிற்று.

இம்மாணவரை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் முழுமையாகப் பாராட்ட இயலவில்லை. அக்காலத்தில் அக்கல்லூரியின் தலைவராயிருந்தவர் எட்வர்ட் ஹோலியோக். அவர் வீட்டிலும், அவருக்கு முன்னிருந்த வாட்ஸ்வேர்த் வீட்டிலும் அடிமைகள் ஊழியஞ் செய்தனர். டைட்டஸ், வீனஸ், பில்ஹா, ஜூபா என்ற நால்வரின் பெயர்கள் 2016 இல்தான் அக்கல்லூரி வளவிற் கல்லிற் பொறிக்கப்பட்டன. வெண்ணெயின் நாற்றம் மண்டபம் முழுவதையும் எழுப்பியது. அடிமைத்தனத்தின் நாற்றம் எவரையும் எழுப்பவில்லை. தன் தட்டைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத் தட்டை ஏந்தி வந்த கையைப் பார்க்கத் தெரியவில்லை.

வட்டுக்கோட்டையின் அயல்வளவு

அந்தப் புதிய இங்கிலாந்து நாட்டிலிருந்தே 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டு, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்பித்த அக்கழகத்தின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை பயின்ற இடம் அது. பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றி அவர் தமிழுக்குச் செய்த தொண்டைத் தமிழுலகம் மறவாது.

ஆனால், மாணவரை உண்டியும் உறையுளும் தந்து படிப்பிக்க மிஷனரிமார் முற்பட்டபோது, தம் நாட்டில் அவர்கள் கண்டிராத தடையொன்று குறுக்கிட்டது. சோறு கெட்டது என்று இங்கே எந்தப் பையனும் சொல்லவில்லை. கிறித்தவர் வளவில், கிறித்தவர் கூரையின் கீழ்ச் சமைத்த சோறு தமக்கு ஆகாது என்றனர் உயர்சாதிப் பிள்ளைகளும் பெற்றோரும். முடிவு யாது? மிஷன் வளவுக்கு வெளியே, அயலிலிருந்த இந்து ஒருவருடைய நிலத்திற் குசினி போடப்பட்டது. பிள்ளைகள் அங்கே சென்று உண்டுவிட்டுத் திரும்பி வந்து பாடங் கேட்டனர். இவ்வரலாற்றை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனென்ட் 1850 இல் வெளியிட்ட தம் நூலில் விரித்துரைக்கிறார். ஆண்டுகள் சென்றபின் அந்தத் தயக்கம் தளர்ந்தது என்பதும் உண்மையே.

இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கே, நாறிய வெண்ணெயை மறுத்த மாணவனை நிருவாகம் தண்டித்தது. இங்கே, அதே மரபில் வந்த நிருவாகம், மனிதனை மறுத்த மாணவனுக்காக அடுப்பையே இடம் மாற்றியது. நியாயமான முறைப்பாட்டுக்கு வளையாத முதுகு நியாயமற்ற முறைப்பாட்டுக்கு வளைந்தது. பள்ளிக்கூடம் நடத்த வேண்டுமே, பிள்ளைகள் வரவேண்டுமே என்ற கட்டாயம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். ஆனால், அக்கட்டாயத்தை அவர்கள் மேற் சுமத்தியோர் யார்? நம்முடைய முன்னோர். அந்நியன் மேற் பழியை இறக்கிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள வழியில்லை.

சேரன்மாதேவியின் தனிப்பந்தி

அந்நியன் நடத்தியதால் அப்படி, நம்மவர் நடத்தினால் வேறுவிதமாக இருக்கும் என்பார்க்குச் சேரன்மாதேவியைக் காட்டுகிறோம்.

திருநெல்வேலிச் சீமையில் 1922 இல் வ. வே. சு. ஐயர் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். திருக்குறளை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். நாட்டு விடுதலைக்காகப் பிற நாடுகளில் அலைந்தவர். அவருடைய நாட்டுப் பற்றை ஐயுறுவார் எவரும் இலர். தேசியக் கல்வி தருவதே குருகுலத்தின் நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரசு 10,000 ரூபா நன்கொடைக்கு இசைந்து, 5,000 ரூபாவைக் கொடுத்தது. சாதி பாராது பலரும் பொருள் உதவினர். இத்தகைய குருகுலத்திற் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப்பந்தி வைக்கப்பட்டது. பெற்றோர் விரும்பினர், ஐயர் இசைந்தார் என்பதே சமாதானம்.

மறுக்கப்பட்டது சோறு அன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு கிடைத்தது. ஆயினும் தமிழகம் கொந்தளித்தது. டாக்டர் வரதராசலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் எதிர்ப்பின் முன்னணியில் நின்றனர். "இருவர் தனியே உண்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்டோர் அன்றும் இருந்தனர். இருவருக்காகக் குருகுலமே முழுகியது என்பதே வரலாறு தந்த விடை.

காந்தியடிகள் சமரசம் சொன்னார். இருக்கின்ற பிள்ளைகளுக்கு விலக்களித்து, இனிச் சேர்க்கும் பிள்ளைகளுக்கு அதனை மறுக்கலாம் என்பது அவர் கண்ட வழி. இங்கே ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறோம். வெண்ணெய்க்காக எழுந்து நின்ற ஆசா டன்பாரின் மகள் வயிற்றுப் பேரனே ஹென்றி டேவிட் தோரோ. அநீதியான அரசுக்கு அடிபணியாமை பற்றி 1849 இல் தோரோ வெளியிட்ட கட்டுரை காந்தியடிகளின் மனத்தைக் கவர்ந்தது. அத்தகைய பேரெதிர்ப்பின் ஆசான் கூட, பந்தி என்றதும் சமரசத்துக்கு இறங்கினார்! பேரரசை எதிர்ப்பது எளிது, பக்கத்து இலையை ஏற்பது அரிது என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா?

1925 ஏப்பிரலில் தமிழ்நாட்டுக் காங்கிரசுக் குழுவில் எஸ். ராமநாதன் கொண்டுவந்த பிரேரணை, தேசிய இயக்கத்திற் பங்குகொள்ளும் எந்த நிறுவனத்திலும் பிறப்பினால் ஏற்றத்தாழ்வு பாராட்டலாகாது என்றது. ஆதரவு 19, எதிர்ப்பு 7. பிரேரணை வென்றது. அதனை ஏற்காத தலைவர்கள் சிலர் பதவி துறந்தனர். ஐயரும் பொறுப்பினின்று விலகினார். அவ்வாண்டு யூன் 3 ஆந் திகதி, பாபநாச அருவியில் மகளைக் காக்கச் சென்று அவர் உயிர் நீத்தார். அவருடைய முடிவுக்கு நாம் வருந்துகிறோம். ஆனால், ஒருவருடைய தியாகத்தைக் காட்டி அவர் அனுமதித்த பந்தியை நியாயப்படுத்த எவரும் முனைவாராயின், அதனை நாம் ஏற்கோம்.

எரிந்த பள்ளிகள்

தமிழகத்துக் கதையைச் சொல்லி ஈழத்துக் கதையை மறைப்போமாயின் நாம் நேர்மையாளர் அல்லேம். யாழ்ப்பாணத்திற் பள்ளிப் பிள்ளைகள் சிலர் வாங்கிலும், சிலர் நிலத்திலும் இருந்து படித்தனர். அரசின் உதவிப் பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தரவேண்டும் என்ற ஆணை 1929 இலும் 1930 இலும் வலுப்பெற்றபோது, நம்மவர் காட்டிய எதிர்ப்பு எத்தகையது? மனுக்கள் பறந்தன. அதனோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடங்கள் பல தீக்கிரையாயின. பிள்ளை நிலத்திலிருந்து வாங்குக்கு ஏறியதைப் பொறாதவர்கள், வாங்கையும் கூரையையும் சேர்த்தே எரித்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் இழந்தனர்.

அதே யாழ்ப்பாணத்தில், 1924 இல் ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் தொடங்கிய மாணவர் காங்கிரசு, பின்னர் இளைஞர் காங்கிரசாக வளர்ந்தது. சாதி வேற்றுமையை ஒழிப்பதை அது தன் கொள்கையாக ஏற்றது. சமபந்தி உணவைச் செயலிலும் காட்டியது. 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அவ்வியக்கமே. மாணவர் எழுந்தால் ஒழுங்கு கெடும் என்று அஞ்சுவோர் நினைவிற் கொள்க: அன்று பள்ளிகளை எரித்தவர்கள் மாணவர் அல்லர். சமமாக இருந்து உண்போம் என்று முன்வந்தவர்களே மாணவர்.

மூன்று வாதங்களும் மூன்று மறுப்புகளும்

தனிப்பந்திக்காரரின் பக்கத்தில் மூன்று வாதங்கள் எழுப்பப்படுவதுண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

முதலாவது, பெற்றோர் உரிமை. தம் பிள்ளை எவ்வாறு உண்ண வேண்டும் என்பதை முடிவுசெய்யப் பெற்றோருக்கு உரிமை இல்லையா என்பர். தம் வீட்டில் உண்டு. பொதுப் பணத்தில் நடக்கும் மண்டபத்திற் பக்கத்துப் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று விதிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. தன் பிள்ளைக்காகக் கேட்பது உரிமை. பிறர் பிள்ளையை எழுப்பச் சொல்வது அதிகாரம்.

இரண்டாவது, சைவ ஒழுக்கம். மரக்கறி உண்பவன் மாமிசம் உண்பவனுக்குப் பக்கத்தில் எவ்வாறு இருப்பான் என்பர். சைவ உணவு உண்போரை நாம் மதிக்கிறோம். அவர்களுக்குச் சமையற் பாத்திரமும் அகப்பையும் வேறாக இருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. மச்சம் கலவாத சோறு அவர்களுக்கு உறுதியாகக் கிடைக்க வேண்டும். தன் தட்டில் என்ன விழவேண்டும் என்பது அவனவன் உரிமை. ஆனால், அயலான் தட்டில் என்ன விழுந்தது என்பதற்காக அயலானை வேறு மேசைக்கு அனுப்பும் உரிமை அவ்வொழுக்கத்துள் அடங்காது. பாத்திரத்தைப் பிரிக்கலாம், மனிதரைப் பிரிக்கலாகாது. இந்தக் கோட்டைத் தெளிவாக வரைந்துகொண்டால் வழக்கிற் பாதி தீர்ந்துவிடும்.

மூன்றாவது, மிகவும் நயமான வாதம். "யாரையும் நாம் தடுக்கவில்லையே, அதே சோறு, அதே கறி, இடம் மாத்திரந்தானே வேறு?" என்பர். இவ்வாதம் அமெரிக்காவின் உயர் நீதிமன்றத்திலேயே ஒருகாலத்தில் வென்றது. 1896 இல் பிளெஸ்ஸி வழக்கில், பிரித்து வைத்தாலும் சமமாக வைத்தாற் போதும் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. 58 ஆண்டுகள் கழிந்து, 1954 இல் பிரவுண் வழக்கில் அதே நீதிமன்றம், கல்வியிற் பிரித்து வைப்பதே சமமின்மை என்று முடிவுகட்டியது. இடம் மாத்திரந்தான் வேறு என்பது உண்மையானால், இடத்தை ஒன்றாக்கிவிட ஏன் இவ்வளவு தயக்கம்? அந்த "மாத்திரத்தில்" தானே விஷம் முழுவதும் அடங்கியிருக்கிறது?

1960 பெப்ரவரி 1 ஆந் திகதி, வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற நகரில், கறுப்பின மாணவர் நால்வர் வூல்வேர்த் கடையின் உணவு மேசையில், வெள்ளையருக்கென ஒதுக்கிய ஆசனங்களில் அமர்ந்தனர். பரிமாற மறுத்தனர், அவர்கள் எழ மறுத்தனர். மறுநாள் மேலும் பலர் வந்தனர். யூலை மாதத்தில் அந்த மேசை எல்லாருக்கும் திறந்தது. 1766 இல் அமெரிக்க மாணவர் நல்ல வெண்ணெய்க்காக எழுந்தனர். 1960 இல் சம ஆசனத்துக்காக அமர்ந்தனர். முன்னோர் காணத் தவறியதை இவர்கள் கண்டனர்.

இன்றும் அதே தலைகீழ் நீதி

பழங்கதை போதும், இன்றைய நிலை வேறு என்பார் உளர். வேறா? 2018 இல் சென்னை ஐ.ஐ.டி. உணவு மண்டபமொன்றில், மரக்கறி உண்போருக்கும் மாமிசம் உண்போருக்கும் தனி வாயிலும் தனிக் கைகழுவுந் தொட்டியும் குறித்து அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவர் எதிர்த்தபின்னரே அது அகன்றது. 2023 இல் பம்பாய் ஐ.ஐ.டி. விடுதி மண்டபத்தில் 6 மேசைகள் மரக்கறி உண்போருக்கென ஒதுக்கப்பட்டன. அதனை எதிர்த்து அம்மேசையில் இருந்து உண்ட மாணவருக்கு 10,000 ரூபா தண்டம்! பிரித்தவனுக்குத் தண்டம் இல்லை. பிரியேன் என்றவனுக்கே தண்டம்.

2018 இல் திருப்பூர் மாவட்டத்துக் கிராமப் பள்ளியொன்றில், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பெண் சமைக்கலாகாது என்று சிலர் தடுத்தனர். அதிகாரிகள் முதலிற் செய்தது, சமைத்த பெண்ணை இடம் மாற்றியது. எதிர்ப்பு எழுந்தபின் மாற்றத்தை இரத்துச் செய்தனர். வட்டுக்கோட்டையில் அடுப்பை மாற்றினார்கள். இங்கே அடுப்பண்டை நின்ற மனுஷியை மாற்றினார்கள். இரண்டு நூற்றாண்டில் நிருவாகம் கற்றுக்கொண்ட பாடம் இவ்வளவுதானா?

மறுபுறத்தில், சோற்றின் மேல் உண்மையாகவே குற்றமிருந்த இடத்தில் என்ன நடந்தது? 2021 டிசெம்பரில், சென்னைக்கு அண்மையில் ஃபொக்ஸ்கொன் தொழிற்சாலைப் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டனர். முதலிற் கிடைத்தது காவல்துறையின் கைது. ஆலை சிலகாலம் மூடப்பட்டு, உலகத்தின் கண் அங்கே திரும்பிய பின்னரே விடுதிகளைச் சீர்செய்யும் பேச்சு எழுந்தது.

நம் நாட்டை நோக்குவோம். 2022 செப்டெம்பரிற் கொழும்பில் உணவு விலையேற்றம் ஆண்டுக்கு 94.9 வீதத்தைத் தொட்டது. முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பண்டம் ஏறத்தாழ 195 ரூபாவாயிற்று. உழவன் மகனும் தோட்டத் தொழிலாளி மகளும் பல்கலைக்கழக விடுதியில் எவ்வாறு உண்டனர் என்று எண்ணிப் பாருங்கள். அத்தகைய பிள்ளை பருப்பில் நீர் கூடிவிட்டது என்று சொன்னால், அது அற்பப் பேச்சா? அது பசியின் சாட்சியம். அதனைக் கேட்டு ஆராயாத நிருவாகம் நீதியின் முதற் படியையே மிதிக்கவில்லை.

நம் முற்றத்தையும் கூட்டுவோம்

கொள்ளுப்பிட்டியிலிருந்து இதனை எழுதும் நாம், நம் கண்முன் காண்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சைவச் சாப்பாட்டுக் கடைகளில் மதிய வேளையிற் சென்று பாருங்கள். இடம் எங்கே காலியோ அங்கே அமர்கிறோம். பக்கத்தில் இருப்பவன் எவ்வூரான், எக்குலத்தான் என்று கேட்பார் இல்லை. கேட்க நேரமும் இல்லை. சோறு இறங்குகிறது, எவர் குலமும் கெடவில்லை. அதே மனிதர் ஊருக்குப் போய்க் கலியாணப் பந்தலிலோ கோயில் மடத்திலோ அமரும்போது மாத்திரம் பந்திக்கு வரிசையும் வரம்பும் எங்கிருந்து முளைக்கின்றன? புகையிரதத்தில் ஏறும்போது ஒழுக்கம் மாறுமாயின், அது ஒழுக்கம் அன்று. ஊராருக்கு அஞ்சிய வேடம்.

உழவர் பெருமக்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம். நாற்று நட்டவர் யார்? களை பிடுங்கியவர் யார்? சூடடித்தவர் யார்? பனையேறிக் கருப்பட்டிக்குப் பதநீர் இறக்கியவர் யார்? ஆனையிறவில் உப்பு வாரியவர் யார்? அத்தனை கைகளும் தீண்டிய பின்னரே அரிசி உங்கள் உலைக்கு வந்தது. வயலிற் பட்ட கையால் நெல் தீட்டாகவில்லை; குசினியிற் பட்ட கையாற் சோறு மாத்திரம் தீட்டாகுமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பழமொழி பேசும் நாம், உப்பு விளைவித்தவருக்கு மூக்குப்பேணியை மறைத்துச் சிரட்டையை நீட்டிய காலத்தை மறந்துவிடலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பேரால் ஒருவரைக் கல்விக்கூடத்திலும் உணவுக் கடையிலும் கிணற்றிலும் கோயிலிலும் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1971 இல் அதன் தண்டனை கடுமையாக்கப்பட்டது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 12 ஆம் உறுப்புரை, சாதி காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. கடைகளையும் பொது உணவகங்களையும் வழிபாட்டிடங்களையும் பெயர் சொல்லிக் காக்கிறது. நல்லது. ஆனால், சட்டம் தடுப்பவனைப் பிடிக்கும். "தடுக்கவில்லை, தள்ளித்தான் இருத்தினேன்" என்பவன் அதன் கைக்கு எளிதில் அகப்படான். அவனைப் பிடிக்கப் பொதுமக்களின் விழிப்பு வேண்டும்.

நாம் கோருவன

ஆகவே நாம் கோருவன இவை. அரசின் பணமோ பொதுமக்களின் நன்கொடையோ பெறும் ஒவ்வொரு விடுதியிலும் உணவுக் குழுவொன்று இருத்தல் வேண்டும். அதிற் பாதிப்பேர் மாணவராக இருத்தல் வேண்டும். மாதக் கணக்கு மண்டபச் சுவரில் ஒட்டப்படல் வேண்டும். உணவு பற்றிய முறைப்பாட்டை எழுத்திற் பெற்று, ஏழு நாட்களுள் எழுத்தில் விடையளித்தல் வேண்டும். முறைப்பட்டவனை அம்முறைப்பாட்டுக்காகத் தண்டிப்பது விலக்கப்படல் வேண்டும். பாத்திரம் பிரியலாம், பந்தி பிரியலாகாது என்பது ஒவ்வொரு விடுதியின் விதிப் புத்தகத்திலும் முதல் விதியாக எழுதப்படல் வேண்டும். சமைப்பவரின் குலத்தைக் காட்டி எழுப்பப்படும் எந்த முறைப்பாட்டையும் நிருவாகம் ஏற்கலாகாது.

மாணவருக்கும் ஒரு சொல். உங்கள் சோறு கெட்டிருந்தால் எழுந்து நில்லுங்கள். நாம் உங்களோடு நிற்போம். ஆனால், எழுந்து நிற்கும் முன் மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நிலத்தில் இருத்தப்பட்டவன் எவனாவது உளனா, மூலையிற் தள்ளப்பட்டவள் எவளாவது உளளா, குசினியிற் சம்பளம் குறைந்து வாடுபவர் எவராவது உளரா என்று பாருங்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு எழுங்கள். அன்றுதான் உங்கள் கிளர்ச்சி முழுமை பெறும்.

நல்ல சோறு வேண்டும். அதனை எல்லாரும் ஒரே பந்தியில் உண்ணல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்றைத் தந்து மற்றொன்றை மறுக்கும் எந்த நிருவாகத்தையும், அது நம்மவர் நடத்துவதாயினும், நாம் எதிர்ப்போம்.